மதுரையிலிருந்து கோத்தகிரி வந்த அம்மாவுக்குச் செடி வளர்ப்பு கைகொடுக்குமா?

கேள்வியின் சுருக்கம் இது. வேலை மாற்றலில் குடும்பத்தோடு கோத்தகிரிக்கு வந்து ஓராண்டு ஆகப்போகிறது. அம்மாவுக்கு 67 வயது. மதுரை வீட்டு மாடியில் மல்லிகை, செம்பருத்தி, கறிவேப்பிலை என்று வளர்த்தவர். கூடவே கொண்டுவந்த மல்லிகைத் தொட்டி இங்கே பூக்கவே இல்லை. குளிர், மழை என்று ஸ்வெட்டரும் டிவியுமாக உள்ளேயே இருக்கிறார், பேச்சும் குறைந்துவிட்டது. செடி வளர்த்தால் மனசு தெளியும் என்கிறார்களே, அது நிஜமா? நிஜமென்றால் வாடகை வீட்டின் சிமென்ட் முற்றத்தில் என்னதான் வைப்பது?

நிஜம்தான். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அம்மாவுக்குத் தைராய்டு, வைட்டமின் பி12, ரத்த அளவு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குளிர் தாங்கவில்லை, சோர்வு, பேசப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் தைராய்டு குறைந்தாலும் வரும். மலைக்கு வந்ததால்தான் இப்படி என்று நாமே முடிவு கட்டிவிட்டு மாதக்கணக்கில் விட்டுவிடுவோம். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தாலோ, "நான் இருந்து என்ன ஆகப்போகிறது" என்கிற மாதிரிப் பேச்சு வந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. ரோஜாச் செடி மாத்திரைக்கு மாற்று ஆகாது.

சரி, செடிக்கு வருவோம். நான் குன்னூரில் இருப்பவன், தோட்டக்கலையில் பல காலம் வேலை பார்த்தவன். பச்சையைப் பார்த்தாலே மனசு நிறையும் என்று சுற்றுலா வருபவர்கள் சொல்வார்கள். அது மட்டும் போதுமென்றால் கோத்தகிரியில் யாருக்கும் மனச்சோர்வே வரக்கூடாது. எந்த ஜன்னலைத் திறந்தாலும் தேயிலைதானே. பார்ப்பதற்கும் பலன் இருக்கிறது, மறுக்கவில்லை. ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பியிருந்தார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே கேட்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் சில நாள் படுத்திருந்தவர்கள். உங்கள் அம்மா அதே ஜன்னலை ஓராண்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணுக்குப் பழகிய பச்சை சுவர் மாதிரியே ஆகிவிடும்.

உங்கள் நிலைமைக்கு இதைவிட நெருங்கி வருவது 1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்தது. இரண்டு தளங்களில் இருந்த எல்லோருக்குமே ஆளுக்கு ஒரு செடி கிடைத்தது. ஒரு தளத்தில், "உங்களுக்கு வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு" என்றார்கள். இன்னொரு தளத்தில் செடியைக் கையில் கொடுத்து, "நர்ஸ்கள் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள், நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் முதல் தளத்தில் பெரும்பாலானவர்கள் சுறுசுறுப்பாகவும் கலகலப்பாகவும் மாறியிருந்தார்கள். இரண்டாவது தளத்தில் பெரும்பாலானவர்கள் முன்பைவிடத் தளர்ந்திருந்தார்கள். முதல் தளத்துக்காரர்களுக்கு நாற்காலியை எங்கே போடுவது, எந்த நாள் படம் பார்ப்பது என்பதையும் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். ஆகவே எல்லாப் புகழையும் செடிக்கே கொடுக்க முடியாது. ஆனால் செடி இரண்டு தளத்திலும் இருந்தது என்பதைக் கவனியுங்கள். தண்ணீர் யார் ஊற்றினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

என் பதிலின் மையம் இதுதான். நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊட்டிக்குப் போய் இருபது தொட்டி வாங்கிவந்து, முற்றத்தில் வரிசையாக அடுக்கி, "அம்மா, பாருங்க, உங்களுக்காகத்தான்" என்றால் பலன் பெரிதாக இராது. எந்தச் செடி, எந்த மூலை, எப்போது தண்ணீர் என்பதை அவர் முடிவு செய்ய வேண்டும். அவர் வைத்த இடம் தவறென்று உங்களுக்குத் தோன்றினாலும் விட்டுவிடுங்கள், செடி வாடினால் அவரே மாற்றுவார். அவருக்கு முதுகு வலிக்குமே என்று பாசத்தில் நீங்களே காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகாதீர்கள். பிள்ளைகள் பெரும்பாலும் கெடுப்பது இந்த இடத்தில்தான்.

கை வேலைக்கென்று தனிப் பலனும் உண்டு. நெதர்லாந்தில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில் தோட்டம் வைத்திருக்கும் 30 பேரை முதலில் மண்டை காயும் ஒரு சோதனையில் உட்கார வைத்தார்கள். பிறகு பாதிப் பேர் அரை மணி நேரம் தோட்ட வேலை செய்தார்கள், மீதிப் பேர் உள்ளே உட்கார்ந்து புத்தகம் படித்தார்கள். கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் இரண்டு குழுவுக்கும் குறைந்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது, மனநிலையும் பழையபடி திரும்பிவிட்டது. வெளிக்காற்றும் வெயிலும் அதில் சேர்ந்திருக்கும் என்பது உண்மை. சேர்ந்திருந்தால் நமக்கு நல்லதுதான், பிரித்துப் பார்த்து என்ன செய்யப்போகிறோம்? இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் விவரங்களைப் பார்த்து 2019இல் வந்த ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடம் இயற்கையின் நடுவே இருப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள் என்கிறது. ஒரே மூச்சில் இரண்டு மணி நேரமா, தினமும் கொஞ்சம் கொஞ்சமா என்பதில் வேறுபாடு தெரியவில்லையாம். நாளுக்கு 20 நிமிடம் என்றால் முற்றத்திலேயே முடிந்துவிடும்.

வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். 1989இல் நாசா செய்த ஆய்வு மூடிய சின்னப் பெட்டிகளில் நடந்தது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டவர்கள், ஜன்னல் வழியாகச் சாதாரணமாக வரும் காற்றுக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி, அதிகபட்சம் 1,000 செடி வரை தேவைப்படும் என்று 2019இல் சொல்லிவிட்டார்கள். மலை வீடுகளில் சுவரெல்லாம் ஏற்கெனவே பூஞ்சணம். அறை முழுக்கத் தொட்டி வைத்தால் ஈரம்தான் கூடும். ஜன்னலோரம் இரண்டு மூன்று போதும்.

இனி அந்த மல்லிகை. உங்கள் கேள்வியிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். குண்டுமல்லி வெயிலுக்கும் வெக்கைக்கும் பிறந்த செடி. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியும் அதே இனம்தான். ஒவ்வொரு 100 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் அரை டிகிரிக்கு மேல் குறையும். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டரில் இருக்கிறது. மதுரையைவிடப் பத்துப் பதினோரு டிகிரி குளிர்ச்சி. இலை வரும், மொட்டு வராது. அம்மா இதைத் தன் கைராசி போய்விட்டது என்று எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். அப்படி நினைக்கிற வயது அது, அப்படி நினைக்கிற தலைமுறையும்கூட. செடி பூக்காததற்கு உயரம்தான் காரணம் என்று அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பிச்சி கொஞ்சம் குளிர் தாங்கும். காலை வெயில் விழுகிற சுவரை ஒட்டி வைத்துப் பார்க்கலாம், வந்தால் லாபம்.

ஆனால் சாமிக்கும் தலைக்கும் தினமும் நாலு பூ வேண்டும் என்பது அவருடைய அன்றாடத்தின் பாதி. அதை மலைச் செடிகளை வைத்து ஈடுகட்டலாம். செவ்வந்திக்கு இந்தக் குளிர் சொர்க்கம். பகல் குறுகத் தொடங்கியதும் மொட்டுக் கட்டும். மழையும் பனியும் சேர்ந்த மாதங்களில், வேறெதுவும் பூக்காதபோது பூத்து நிற்கும். எட்வர்டு ரோஸ் தொட்டியிலேயே வரும், வாசனையும் உண்டு. மழைக்காலத்தில் ரோஜா இலையில் கரும்புள்ளி விழுந்து உதிரும். பதற வேண்டாம், உதிர்ந்த இலையைப் பொறுக்கி எரித்துவிட்டு ஜனவரி வாக்கில் கவாத்து செய்யுங்கள். ஊட்டி ரோஜா பூங்காவிலும் ஆண்டின் தொடக்கத்தில்தான் கவாத்து, கோடை சீசனுக்குப் பூ வரவேண்டும் என்பதற்காக. மாலையில் வைத்துக் கட்ட வாசனை இலை வேண்டுமென்றால் மாசிபத்திரி சாலையோரத்திலேயே முளைத்துக் கிடக்கும். ஒரு தண்டு பறித்துவந்து நட்டால் போதும்.

இவற்றோடு ஒரு ஹைட்ராஞ்சியா வையுங்கள். மலையில் வேலியோரமெல்லாம் நீலப் பந்து பந்தாக நிற்கிறதே, அதுதான். நம் மலை மண் புளிப்பு மண். மழை சுண்ணாம்புச் சத்தை அரித்துக்கொண்டு போய்விடுவதால் அப்படி. புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். மண்ணில் டோலமைட் என்ற சுண்ணாம்புத் தூளைக் கலந்து புளிப்பைக் குறைத்தால் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். வெள்ளை ரகம் மட்டும் மாறாது. அம்மாவிடம் ஒரே செடியின் இரண்டு குச்சிகளைக் கொடுத்து, இரண்டு தொட்டியில் நட்டு, ஒன்றில் மட்டும் டோலமைட் போடச் சொல்லுங்கள். நிறம் மாற ஒரு பருவம் ஆகும். அந்தக் காத்திருப்புதான் நமக்கு வேண்டியது. மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் தரும் சிகிச்சைகளில் ஒன்று, சின்னச் சின்ன வேலைகளை நாள் குறித்துச் செய்ய வைப்பது. மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திராமல் செய்யத் தொடங்கினால் மனசு பின்னால் வரும் என்பது அதன் கணக்கு. அடுத்த மாதம் என்ன நிறத்தில் பூக்கும் என்று யோசிப்பவருக்கு அடுத்த மாதம் என்று ஒன்று இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீலகிரியின் அடையாளம் என்று நாம் நினைக்கும் தோட்டப் பூக்களில் பாதிக்கு மேல் இந்த ஊர்க்காரர்களே இல்லை. ஹைட்ராஞ்சியாவின் பூர்வீகம் ஜப்பான், டேலியா மெக்சிகோ, ஜெரேனியமும் கலா லில்லியும் தென்னாப்பிரிக்கா. 1848இல் மக்ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணர் ஊட்டி தாவரவியல் பூங்காவை அமைக்கத் தொடங்கிய காலத்தை ஒட்டி வெளியூர்ச் செடிகள் நிறைய வந்து சேர்ந்தன. சில நல்லபடியாகக் குடியேறின, சில அடங்காமல் போயின. மஞ்சளாகப் பூக்கும் ஸ்காட்ச் புரூம் புல்வெளிகளையே தின்றுவிட்டது, உண்ணிச்செடி காட்டை அடைத்துவிட்டது. அழகாக இருக்கிறதே என்று இவற்றைப் பிடுங்கிவந்து தொட்டியில் வைக்காதீர்கள்.

குச்சி என்றதும் நினைவு வருகிறது. நர்சரிக்குப் போவதற்கு முன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். எஸ்டேட் லைன் வீடுகளில் பழைய பெயின்ட் டப்பா, எண்ணெய் டின், ஓட்டை பக்கெட் எல்லாவற்றிலும் ஜெரேனியமும் டேலியாவும் நிற்கும். ஹட்டி என்கிற படுகர் ஊர்களிலும் வாசலுக்கு வாசல் பூச்செடி. அதில் முக்கால்வாசி யாரோ யாரிடமோ கேட்டு வாங்கிய குச்சிதான். "இதுல ஒரு குச்சி கிடைக்குமா அக்கா?" என்று கேட்டால் இங்கே இல்லை என்று சொல்கிறவர்கள் அரிது. ஜெரேனியம் குச்சி ஒடித்து நட்டாலே வேர்விடும். ஒரு மாதத்தில் பிழைத்ததா என்று அவர்களே விசாரிப்பார்கள். ஊர் விட்டு ஊர் வந்து, பேச ஆளில்லாத 67 வயதுப் பெண்ணுக்கு நான் சொன்ன ஆய்வுகளையெல்லாம்விட இந்த விசாரிப்பு பெரிய மருந்து என்பது என் கருத்து. ஆகவே அம்மாவையே கேட்க விடுங்கள், நீங்கள் போய் வாங்கிவராதீர்கள்.

சமையலுக்கென்றும் இரண்டு மூன்று வேண்டும். கறிவேப்பிலை இங்கே முக்கிமுனகித்தான் வளரும், அதற்காக மெனக்கெட வேண்டாம். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி, பட்டாணி எல்லாம் தொட்டியில் வரும். ஒரு மேரக்காயை, அதாவது சௌசௌவை, முளைக்கவிட்டு மூலையில் வைத்தால் கொடி மதில் முழுக்கப் படர்ந்து, வேண்டாம் வேண்டாம் என்கிற அளவுக்குக் காய்க்கும். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும், அதுவும் நல்லதே. மரத்தக்காளிக்குப் பெரிய டிரம் வேண்டும், ஆனால் ரசத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை.

உடம்புக்கும் பத்திரத்துக்கும் சில விஷயங்கள். வேலை நேரம் காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறியிருக்கும், படியில் பனி காய்ந்திருக்கும், விரல் மூட்டுகள் இளகியிருக்கும். விடியற்காலையும் பொழுது சாய்ந்த பிறகும் வேண்டவே வேண்டாம். கோத்தகிரியில் கரடியும் காட்டெருமையும் வீட்டு வாசல்வரை வருவது உங்களுக்கே தெரிந்திருக்கும். பழம் பழுத்துக் கீழே விழவிடாதீர்கள், கரடிக்கும் குரங்குக்கும் அதுவே அழைப்பு. தொட்டிகளை இடுப்பு உயரத்துக்கு ஒரு பெஞ்சோ பலகையோ போட்டு அதன்மேல் வையுங்கள். குனிந்து நிமிர்வதால் வரும் தலைசுற்றலும் பாசி படிந்த தரையில் வழுக்குவதும்தான் இந்த வயதில் உண்மையான ஆபத்து. பாசியை வாரம் ஒருமுறை நீங்கள் தேய்த்துவிடுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். முழுக்கைச் சட்டை, கையுறை, டெட்டனஸ் ஊசி எல்லாம் வழக்கம்போல. புதர், புல் பக்கம் போய்வந்தால் உடம்பைக் கழுவி உடை மாற்றச் சொல்லுங்கள். ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது. தமிழ்நாட்டு மலைப்பகுதிகளில் உண்டு. காய்ச்சலோடு உடம்பில் எங்காவது கருப்புப் பொருக்கு இருந்தால் தோட்ட வேலை செய்பவர் என்பதை மருத்துவரிடம் சேர்த்தே சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் எளிதில் குணமாகும். வெள்ளை, மஞ்சள் நிறத்தில் தலைகீழாகத் தொங்கும் பெரிய குழல் பூ மரம் ஊமத்தை வகை, முழுவதும் விஷம். அதன் பால் கண்ணில் பட்டாலே பாவை விரிந்து பார்வை மங்கும். ஃபாக்ஸ்குளோவும் விஷம்தான். வீட்டில் குழந்தை இருந்தால் இரண்டுமே வேண்டாம்.

மண்ணுக்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு அரைப் பங்கு போதும். கோத்தகிரியில் அடி வடிகால்தான் முக்கியம். தொட்டி ஓட்டையைக் கல் வைத்து அடைத்துவிட்டால் மழையில் வேர் அழுகும். டீத்தூள் சக்கையைப் பாலும் சர்க்கரையும் போக அலசிவிட்டுப் போடலாம். சந்தேகம் என்றால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள், விதையும் சில சமயம் மானியத்தில் கிடைக்கும். கொடைக்கானல், பழனி மலைப் பக்கத்தில் இருப்பவர்களும் இதையே பின்பற்றலாம். கொடைக்கானலும் ஊட்டியும் 2,000 மீட்டருக்கு மேல் என்பதால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனியிலிருந்து இளஞ்செடிகளை இரவில் மூடிவைக்க வேண்டும். கோத்தகிரியில் அந்தத் தொல்லை குறைவு.

கடைசியாக மழைக்காலம். தொட்டபெட்டா மலை தென்மேற்குப் பருவமழையை மறித்துக்கொள்வதால் கோத்தகிரியின் பெருமழை அக்டோபர், நவம்பரில் வருகிறது. பத்து நாள் சேர்ந்தாற்போல் மூடுபனி நின்றால் முற்றத்துக்கே போக முடியாது, பழைய சோர்வு திரும்பி எட்டிப் பார்ப்பதும் அப்போதுதான். அதற்கென்று வேலை மிச்சம் வைத்திருங்கள். கோடையில் எடுத்த விதைகளைப் பொட்டலம் கட்டிப் பெயர் எழுதுவது, ஜெரேனியம் தொட்டியை ஜன்னல் பலகைக்கு மாற்றுவது, கண்ணாடி டம்ளரில் புதினாத் தண்டைப் போட்டு வேர்விட வைப்பது. அகலமான கிண்ணத்தில் மண் போட்டு மலைப்பூண்டுப் பற்களை நெருக்கமாக ஊன்றி ஜன்னலோரம் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் பச்சைத் தாள் விரலளவு தாண்டிவிடும். நறுக்கித் தோசை மாவில் கலக்கலாம், முட்டைப் பொரியலில் போடலாம். இன்னொரு முறை வெட்டலாம். மூன்றாவது முறை மணம் போய்விடும், அப்போது பல்லை மாற்றிவிடுங்கள்.